பழுதுபார்த்த கைகளின் தடம்: சென்னையின் மேற்குப் புறநகரும் வால்வு ரேடியோ மீட்பும்

1. கேள்வி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பழைய தனி வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்போதெல்லாம் பரண்கள் காலியாகின்றன. பித்தளை அண்டாவும் தேக்கு ஜன்னலும் என்ன விலை போகும் என்று வீட்டாருக்குத் தெரியும். துணி போர்த்திக் கிடந்த வால்வு ரேடியோவுக்கு மட்டும் யாரும் விலை சொல்வதில்லை. காயலான் கடைக்குப் போனால் டிரான்ஸ்ஃபார்மரின் செம்பும் கேங் கண்டன்சரின் அலுமினியமும் தனித்தனியாக எடைக்குப் போகும், மரப்பெட்டி விறகாகும். பழம்பொருள் வியாபாரியிடம் போனால் புதுப் பாலிஷோடு காபிக் கடை அலமாரியில் உட்காரலாம். பூந்தமல்லிக்கு அப்பால் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி போன்ற இடங்களில் எழுபதுகளின் கதை ஏதாவது படமாகும்போது வாடகைக்கும் போகலாம். சேகரிப்பாளர் கைக்கு வந்தால் மறுபடி பாடவும் கூடும். இந்தக் கடைசி வழியைத்தான் மீட்பு என்கிறோம்.

அப்படி மீட்கும்போது எதன் வரலாறு காப்பாற்றப்படுகிறது, எதன் வரலாறு கழுவி விடப்படுகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. சேகரிப்பாளர்கள் இன்று கைக்கொள்ளும் அளவுகோல் பெட்டியையும் பிராண்டையும் காக்கிறது. இந்தப் பகுதியில் ரேடியோ எப்படி வாழ்ந்தது என்பதற்கான சான்றுகளை, நல்லெண்ணத்தோடுதான், அழிக்கிறது என்பது என் வாதம்.

2. எழுதப்பட்ட வரலாறும் எழுதப்படாததும்

சென்னை ஒலிபரப்பின் நிறுவன வரலாறு ஓரளவு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணத்தட்டுப்பாட்டால் 1927இல் நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் மறு ஆண்டு மே மாதம் திருச்சி நிலையமும் வந்தன. பேசியவர்கள், பாடியவர்கள், நாடகம் போட்டவர்கள் பற்றியெல்லாம் நிறையப் படிக்கக் கிடைக்கிறது. கேட்ட பெட்டியைப் பற்றி, அதை விற்றவர், பிரித்தவர், கட்டியவர் பற்றி அப்படி இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை நினைவுக் கட்டுரைகள். கூடத்தில் உயரமான ஸ்டாண்டின் மேல் பெட்டி, பின்னால் ஜன்னல்வரை ஓடும் வலை ஏரியல், சுற்றிக் குடும்பம், இலங்கை வானொலியில் மயில்வாகனனின் குரல், பின்னாளில் அப்துல் ஹமீதின் குரல். இதில் பொய் ஒன்றும் இல்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் ஆகாசவாணியில் அநேகமாக மறைந்தன. கேட்பவர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது. எத்தனை பேண்ட் என்று கேட்டு ரேடியோ வாங்கிய தலைமுறை உருவானதற்கு இதுவே காரணம். மத்திய அலை மட்டும் எடுக்கும் பெட்டிக்கும் மூன்று சிற்றலை பேண்ட் உள்ள பெட்டிக்கும் இருந்த விலை வித்தியாசத்தில் கொழும்புக்கும் பங்குண்டு.

ஆனால் இந்தச் சித்திரம் யாருடையது? 1947இல் இந்தியாவில் இருந்த ரேடியோக்கள் ஏறத்தாழ 2.75 லட்சம். மக்கள்தொகை சுமார் 35 கோடி. ஆயிரம் பேருக்கு ஒரு பெட்டிகூட இல்லை. பெரும்பாலோர் ரேடியோவைக் கேட்டது சொந்தக் கூடத்துக்கு வெளியே: மாநகராட்சி கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கியில், பஞ்சாயத்து ரேடியோவில், டீக்கடையில், பக்கத்து வீட்டுத் திண்ணையில். நாள் முழுக்க ஓடிய டீக்கடைப் பெட்டி தேய்ந்து காயலான் கடைக்குப் போயிருக்கும். மாலை இரண்டு மணி நேரம் மட்டும் பாடி, மற்ற நேரம் பூ வேலை செய்த உறைக்குள் இருந்த வசதியான வீட்டுப் பெட்டிதான் பிழைத்திருக்கும். இது என் ஊகம். ஆனால் சேகரிப்புகளில் பளபளக்கும் மர்ஃபியும் பிலிப்ஸும் மிகுந்து, பஞ்சாயத்துப் பெட்டி அபூர்வமாக இருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. எஞ்சியவற்றை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு அந்தக் காலம் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.

3. மேற்குப் புறநகர் ஏன்

இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி பெரிய ராணுவத் தளமாயிற்று. 1955 ஜனவரியில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் போட்டதும் ஆவடியில்தான். அம்பத்தூர்ப் பக்கம் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும் டன்லப்பும் 1950களில் வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். இருந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாதச் சம்பளக்காரர்கள் குடியேறினார்கள். ரேடியோ தவணையில் வாங்கத்தக்க பொருளான காலமும் அதுவே.

இந்தத் தற்செயலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஈயப்பற்று வைக்கவும் காயில் சுற்றவும் மல்ட்டிமீட்டர் பிடிக்கவும் தெரிந்த கைகள் இங்கே நிறைய இருந்தன. ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டு வாசலில் ரேடியோ பார்த்தவர் என்ற பாத்திரம் இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் எவருக்கும் புதிதல்ல. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் மின்னணுவியல், தபால்வழிப் பாடங்கள் எனக் கற்க வழிகளும் இருந்தன. பாகம் வாங்க வேண்டுமானால் ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் போதும். பக்கத்தில் மூர் மார்க்கெட், சற்று நடந்தால் ரிச்சி தெரு. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. இன்று ஆவடி மின்ரயில்கள் வந்து நிற்கும் புறநகர் முனையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னை வானொலியின் உயர்திறன் ஒலிபரப்பு மையம் ஆவடியில் அமைந்தது. 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனோடு சென்னை முதல் அலைவரிசையைப் பரப்பிய கோபுரம் இந்தப் பகுதியினுடையது. 1938இல் நிலையம் தொடங்கியபோது நகருக்கு ஒரு சிறிய மத்திய அலைப் பரப்பியும் மாகாணத்துக்கு ஒரு சிற்றலைப் பரப்பியுமே இருந்தன என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். நகரத்துக்கு வெளியே அலை தேய்ந்து கிடைத்த ஊர்கள், அலை புறப்படும் ஊர்களாயின.

தொழிற்சாலை வந்ததால் ரேடியோ பெருகியது என்று இதிலிருந்து நேரே முடிவு கட்டக் கூடாது. நான் அடுக்கியவை சூழ்நிலைச் சான்றுகள். நேரடிச் சான்று வேறு இடத்தில், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

4. சேசிஸை வாசித்தல்

ஐம்பதுகளின் இறுதியில் வந்த ஒரு சாதாரண ஏசி ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினால் பெரும்பாலும் நான்கைந்து வால்வுகள் இருக்கும். அலைமாற்றத்துக்கு ஈசிஎச் 81, இடைநிலை அலைப் பெருக்கத்துக்கு ஈபிஎஃப் 89, ஒலிப்பெருக்கத்துக்கு ஈசிஎல் 82 அல்லது ஈஎல் 84, மின்திருத்தத்துக்கு ஈஇசட் 80. விலை கூடிய பெட்டியானால் நிலையம் சரியாகப் பிடிபடும்போது குவியும் பச்சைக் கண் ஒன்றும் சேரும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி பெட்டிகளில் யு வரிசை வால்வுகளின் இழைகள் ஒரே தொடரில் இருக்கும்; அங்கே சேசிஸே மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் நாபின் திருகாணி வழியாகக்கூட அடிக்கும். பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை ஆர்வத்தில் உடனே பிளக்கில் செருகுகிறவர்களுக்கு இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்வேன்.

உடனே செருகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெழுகுத்தாள் கண்டன்சர்கள் இந்த வயதில் மின்சாரத்தைக் கசியவிடும். ஒலிப்பெருக்க வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டன்சர் கசிந்தால் அங்கே இருக்கக் கூடாத நேர்மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். சற்று நேரத்தில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். மலிவான ஒரு சிறு பாகத்தை மாற்றாததால் எளிதில் கிடைக்காத இரண்டு பாகங்கள் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரையாவது மோட்டார் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்துச் சுற்றலாம், அதற்கு அம்பத்தூரில் ஆள் உண்டு. வால்வைச் சுற்ற முடியாது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் வைத்த நிலையிலேயே அறுபது ஆண்டுகளைக் கடந்த சேசிஸ் அபூர்வம். ஒவ்வொன்றிலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அந்தக் கைகளுக்குக் காலமும் சொல்ல முடியும். வால்வின் கண்ணாடியில் பி.ஈ.எல். என்றிருந்தால் அது 1961க்குப் பிறகு மாற்றப்பட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது அப்போதுதான். கெல்ட்ரான் பெயர் பொறித்த மின்பகு கண்டன்சர் இருந்தால் ரிப்பேர் நடந்தது 1973க்குப் பின், அந்த நிறுவனம் பிறந்ததே அந்த ஆண்டில். ஈஇசட் 80 இருந்த சாக்கெட் காலியாகக் கிடந்து, அடியில் இரண்டு பிஒய் 127 டையோடுகள் பற்றவைக்கப்பட்டிருந்தால், மின்திருத்தி வால்வு விலையேறிவிட்ட அல்லது கிடைக்காமல் போன காலத்தில் ஒரு மெக்கானிக் எடுத்த முடிவு அது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறையுள்ள முடிவுதான். டையோடு வால்வைப்போல் சூடேறக் காத்திருக்காது. சுவிட்சைப் போட்ட மறுகணமே முழு மின்னழுத்தத்தையும் பழைய கண்டன்சர்கள்மேல் ஏற்றும். ஆனால் அந்த வீட்டில் ரேடியோ மேலும் பத்து ஆண்டுகள் பாடியது அந்தக் குறையுள்ள முடிவால்தான்.

டயல் கண்ணாடியிலும் இப்படியொரு அடுக்கு உண்டு. சென்னை, திருச்சி, கொழும்பு, டில்லியோடு லாகூர், கராச்சி, டாக்கா, ரங்கூன் பெயர்களையும் பல கண்ணாடிகளில் காணலாம். 1978 நவம்பரில் மத்திய அலை வரிசை முழுவதும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாற்றி அமைக்கப்பட்டது. அதனால் பழைய டயலில் ஊர்ப் பெயர் ஓரிடத்திலும் நிலையம் வேறிடத்திலும் இருப்பதற்கு முள்ளின் கோளாறுதான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது. பெயரோடு பொருந்தவில்லையே என்று டயல் கயிற்றை இழுத்துக் கட்டி முள்ளை நகர்த்துகிறவர்கள் உண்டு. நகர்த்த நகர்த்த மற்ற நிலையங்கள் கெடும்.

ஆவடிப் பக்கத்துக்கே உரிய பொறி ஒன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு திறன்மிக்க பரப்பியின் அருகில், ஒரு முழம் வயரைச் செருகினாலே எந்தப் பெட்டியும் சென்னை நிலையத்தைப் பாடும். இடைநிலை அலைக் (ஐ.எஃப்.) காயில்கள் இசைவு தவறியிருந்தாலும் பாடும். வால்வு பாதி செத்திருந்தாலும் பாடும். ரிப்பேர் முடிந்தது என்று நினைத்துத் திண்டிவனத்துக்காரருக்கு விற்றால் அங்கே கரகரப்பு மட்டுமே வரும். ரேடியோவைச் சோதிக்க இரவில் திருச்சியையோ இன்னும் தொலைவான நிலையத்தையோ தேடுவதே முறை. பழைய மெக்கானிக்குகள் கொழும்பு எடுத்தால்தான் கூலி வாங்குவார்கள் என்று சொல்வதுண்டு. அது பெருமைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். அளவுகோலாக அது சரியானதே.

5. எது அசல்?

பழைய ரேடியோவை எந்த நிலைக்குத் திருப்புவது என்ற தகராறு உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் பழங்கால வயர்லெஸ் சங்கம் 1952இலும் பிரித்தானிய விண்டேஜ் வயர்லெஸ் சங்கம் 1976இலும் தொடங்கின. லண்டன் டல்விச்சில் ஜெரால்ட் வெல்ஸ் தன் வீட்டையே ரேடியோ அருங்காட்சியகமாக்கினார். இந்த மரபில் செல்வாக்குள்ள ஒரு முறை, பழைய மெழுகுக் கண்டன்சரின் உள்ளீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே ஓட்டுக்குள் புதிய கண்டன்சரை ஒளித்து மூடுவது. கண்ணுக்கு 1955, மின்சாரத்துக்கு இன்று. பொறுமை வேண்டும் நேர்த்தியான வேலை.

மர்ஃபியின் பிறப்பிடம் வெல்வின் கார்டன் சிட்டி. அங்கே தொழிற்சாலை நிலையை அசல் என்பதில் பொருள் இருக்கிறது. அந்த அளவுகோலை இங்கே அப்படியே இறக்கினால் ஒரு கோளாறு நேர்கிறது. நம் பெட்டிகளில் பெயர்பெற்றவை தாணேயில் செய்த மர்ஃபி, கல்கத்தாவில் தொடங்கிய பிலிப்ஸ், பம்பாயின் புஷ்ஷும் நேஷனல் எக்கோவும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது என்றால் அவற்றை அம்பத்தூருக்கு வருவதற்கு முந்தைய நாளுக்குத் திருப்புகிறோம். இங்கே அவற்றுக்கு நடந்தது எல்லாம், வேறு வால்வுக்காகத் துளை பெரிதாக்கிய சாக்கெட், டயல் கயிற்றுக்குப் பதில் கட்டிய தூண்டில் நரம்பு, சேசிஸ் ஓரத்தில் பென்சிலில் எழுதிய தேதி, எல்லாம் குறைகளின் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன.

இந்த அளவுகோலில் அடியோடு விழுந்துவிடுபவை உள்ளூரில் கட்டிய பெட்டிகள். காயில் செட், சேசிஸ், கேபினெட் என்று தனித்தனியே வாங்கி மெக்கானிக்குகள் கட்டித் தந்த ரேடியோக்கள் பிராண்டுப் பெட்டியைவிட மலிவு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1941இலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். அந்த ஆசை ஒருவரோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் பெயரில்லாத இந்தப் பெட்டிகளே சாட்சி. முகப்பில் பெயர் இல்லை, சர்க்யூட் வரைபடம் இல்லை, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சேகரிப்பாளர் இதைப் பாகங்களுக்காக உடைக்கிறார். ஒரு மர்ஃபியைக் காப்பாற்ற இரண்டு அனாமதேயப் பெட்டிகள் உயிர் விடுகின்றன. எனக்கு இருக்கும் கடுமையான ஆட்சேபம் இதுவே. மர்ஃபி ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது, அதன் சர்க்யூட் அச்சில் இருக்கிறது. உள்ளூர்ப் பெட்டி ஒன்றே ஒன்று, உடைத்தால் போயிற்று.

உள்ளே இருப்பதை எல்லாம் வழித்தெறிந்துவிட்டு புளூடூத் பெருக்கி வைப்பதைப் பற்றி என்ன சொல்வது? வாங்கிப் போகிறவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், மரப்பெட்டி கரையானுக்குத் தப்புகிறது. மத்திய அலைப் பரப்பிகளைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடிவரும் காலத்தில், வால்வு ரேடியோவில் கேட்க என்ன மிஞ்சும் என்ற அவர்களுடைய கேள்வியும் நியாயம்தான். எஃப்.எம். இந்தியாவில் முதலில் வந்தது சென்னையில், 1977இல். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அலைவரிசை கிடையாது. கேபினெட் காலியாகவே வந்தது என்றால் எதை வேண்டுமானாலும் வைக்கட்டும். முழுமையான சேசிஸைப் பிடுங்கி எறிவதை மீட்பு என்று விளம்பரம் செய்யாமல் இருந்தால் போதும்.

6. காகிதமும் ஈரமும்

1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பது குற்றமாக இருந்தது. ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற வேண்டியிருந்தது. 1960களில் வீட்டு ரேடியோவுக்கு 15 ரூபாய். கடையில் வைத்தால் கூடுதல். 1980களின் நடுவில் இந்த முறை ஒழிந்தது. அந்தப் புத்தகத்தில் பெயர், முகவரி, எந்தத் தபால் நிலையம், எந்த ஆண்டு வரை கட்டப்பட்டது என்ற விவரங்கள் இருக்கின்றன. தொழிலாளர் குடியிருப்பில் ரேடியோ எப்போது நுழைந்தது என்று நான் முன்பு சூழ்நிலைச் சான்றாகச் சொன்னதை நேரடிச் சான்றாக்கக்கூடிய காகிதம் அது ஒன்றே. பெட்டி வாங்க வருகிறவர் அதைக் கேட்பதில்லை. வீட்டார் பழைய காகிதத்தோடு போட்டுவிடுகிறார்கள்.

மிஞ்சியதைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மேற்குப் புறநகரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வஜ்ரப் பசையில் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டி நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும், ஸ்பீக்கரின் தாள் கரையும், காயில்களில் பச்சை பூக்கும். பேக்கலைட் பெட்டி மட்டும் கழுவித் துடைத்தால் பிழைக்கும்.

ஆகவே சேகரிப்பாளர்களிடம் சில வேண்டுகோள்கள். ஈயப்பற்றை உருக்குவதற்கு முன் சேசிஸின் அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பென்சில் எழுத்தைத் துடைக்காதீர்கள். உள்ளூர்ப் பெட்டியைப் பாகத்துக்காக உடைப்பதானால், அதன் இணைப்புகளை வரைந்து வைத்துக்கொண்ட பிறகு உடையுங்கள். இந்தப் பகுதியில் வால்வு ரேடியோ பார்த்தவர்களில் பலர் இன்று எண்பதை நெருங்குகிறார்கள், தாண்டியும் இருக்கிறார்கள். இதழியல், வரலாற்றுத் துறை மாணவர்கள் அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார வேண்டும். வீட்டை இடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ரேடியோவை யாருக்குக் கொடுத்தாலும் லைசென்ஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அதை யார் ரிப்பேர் பார்த்தார், எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்பதை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.